நெல்லைச் சீமையில் பழைய ஐரோப்பியக் கார்: வாங்குவதற்கும் வைத்துப் பராமரிப்பதற்கும் முழுமையான வழிகாட்டி

ஐந்தாறு லட்சம் ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு கார் தேடுபவர் அந்தத் தொகைக்குப் புதிய சிறிய கார் ஒன்றை வாங்கலாம். அல்லது எட்டுப் பத்து ஆண்டுகள் ஓடிய ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ரெனால்ட் வண்டிகளையும், கொஞ்சம் துணிந்தால் ஆடி, பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் பென்ஸ் வண்டிகளையும் பார்க்கலாம். இவ்வண்டிகளின் விலை விரைவாக இறங்குவதற்குக் காரணம், பராமரிப்புச் செலவைப் பற்றிய பயம். அந்தப் பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால், செலவைக் கூட்டுவது பெரும்பாலும் வண்டியின் முத்திரை அன்று. அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்பதே. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் அரை நாளில் முடியும் வேலைக்கு இங்கே வண்டியை லாரியில் ஏற்றி அனுப்ப நேர்ந்தால், அந்தப் போக்குவரத்துச் செலவும் காத்திருப்பும் சேர்ந்தே உங்கள் பராமரிப்புக் கணக்காகின்றன.

முதலில் மெக்கானிக், பிறகு கார்

விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்குவதற்கு முன்பே, திருநெல்வேலியிலோ பாளையங்கோட்டையிலோ உங்கள் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தொலைவில் ஐரோப்பிய வண்டிகளைத் தொடர்ந்து பார்க்கும் பட்டறை ஒன்றைக் கண்டுபிடியுங்கள். அங்கே கேட்க வேண்டியவை மூன்று. அந்தந்த நிறுவனத்து வண்டிக்கு உரிய, வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் இருக்கிறதா, அல்லது எல்லா வண்டிக்கும் பொதுவான கருவி மட்டும்தானா? நீங்கள் நினைத்திருக்கும் மாடலின் எஞ்சினையோ கியர்பெட்டியையோ அவர்கள் கையாலேயே இறக்கிப் பார்த்திருக்கிறார்களா? உதிரிபாகம் எங்கிருந்து, எத்தனை நாளில் வருகிறது? பாகத்தின் எண்ணைச் சொல்லி ஆர்டர் போடுபவர் நம்பத் தகுந்தவர். பழைய பாகத்தை மஞ்சள் பையில் போட்டுக் கடை கடையாக ஏறி இறங்கி, ஏறத்தாழப் பொருந்துவதை வாங்கி வருபவர் வேறு வண்டிகளுக்கு நல்ல மெக்கானிக்காக இருக்கலாம், இவ்வண்டிக்கு வேண்டாம்.

நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையத்தையும் தொலைபேசியில் அழைத்து, எந்தெந்த வேலைகள் அங்கேயே நடக்கும், எவற்றுக்கு வண்டி வேறு ஊருக்குப் போக வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். இந்த நிறுவனங்களின் முகவர்கள் சிறு நகரங்களில் வருவதும் போவதுமாக இருப்பதால், போன ஆண்டு பார்த்த பெயர்ப்பலகையை நம்பி வண்டி வாங்கக் கூடாது.

எந்த மாடல்

நம் பகுதிக்கு மிகவும் பொருத்தமான குடும்பம் ஃபோக்ஸ்வேகன் போலோ, வென்டோ, ஸ்கோடா ராபிட் ஆகிய மூன்றுமே என்பது என் கருத்து. போலோ இந்தியாவில் 2010 முதல் 2022 வரை விற்பனையில் இருந்தது. மூன்றும் புனே அருகிலுள்ள சாக்கன் ஆலையில் உருவானவை. எஞ்சினும் அடித்தளமும் பெரும்பாலும் பொதுவானவை என்பதால் பாகங்கள் கிடைப்பதில் இன்றும் பெரிய தொல்லை இல்லை. மூன்று சிலிண்டர் 1.2 பெட்ரோல் எஞ்சின் மந்தமானதுதான், ஆனால் அதில் கெட்டுப்போக அதிகம் இல்லை. 1.5 டிடிஐ, 1.6 டிடிஐ டீசல் எஞ்சின்கள் நெடுஞ்சாலையில் நிறைய ஓடுபவர்களுக்கு நல்லவை.

ஆட்டோமேட்டிக் விரும்புவோர் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். 1.2 டிஎஸ்ஐ பெட்ரோலுடனும் 1.5 டிடிஐ டீசலுடனும் வந்த ஏழு கியர் டிஎஸ்ஜி என்னும் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி, டிக்யூ200 எனப்படும் உலர் கிளட்ச் வகை. அதன் இரட்டைக் கிளட்சுகள் எண்ணெயில் மூழ்கி இருப்பதில்லை. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது எழும் சூட்டைத் தணிக்கக் காற்றைத் தவிர வேறு வழி இல்லை. அந்தச் சூடு கிளட்சையும், கியரை மாற்றும் மெக்கட்ரானிக்ஸ் பகுதியையும் காலப்போக்கில் பாதிக்கிறது. மெக்கட்ரானிக்ஸ் மாற்றும் செலவு லட்சத்தைத் தாண்டும். நகருக்குள்தான் ஓட்டம் அதிகம் என்றால், 2020க்குப் பிறகு வந்த 1.0 டிஎஸ்ஐ போலோ, வென்டோ, ராபிட் ஆட்டோமேட்டிக்குகளைப் பாருங்கள். அவற்றில் இருப்பது எண்ணெய் வழியே விசையைக் கடத்தும், ஆறு கியர் கொண்ட டார்க் கன்வெர்ட்டர் வகை. வெயிலையும் நெரிசலையும் அது பொறுத்துக்கொள்கிறது.

2012இல் வந்த ரெனால்ட் டஸ்டரின் 1.5 டீசல் எஞ்சின் நிசான் டெர்ரானோ, சன்னி ஆகியவற்றிலும் இருந்ததால் அதைத் தெரிந்த கைகள் உண்டு. ஃபியட் புன்டோ, லீனியா ஆகியவற்றின் 1.3 மல்டிஜெட் எஞ்சினை, மாருதி ஸ்விஃப்ட் டீசலைப் பழுது பார்த்த யாரும் பார்ப்பார்கள். ஆனால், ஃபியட் 2019இல் இந்தியாவில் கார் விற்பனையை நிறுத்திவிட்டதால் கதவு, விளக்கு, சஸ்பென்ஷன் போன்ற அவ்வண்டிக்கே உரிய பாகங்களுக்கு அலைய வேண்டியிருக்கும். பழைய ஸ்கோடா லாராவின் 1.9 டிடிஐ, பம்ப் டூஸே என்னும் இன்ஜெக்டர் அமைப்பைக் கொண்டது, அதற்கு 505.01 தரச்சான்று பெற்ற ஆயில் வேண்டும். சாதாரண டீசல் ஆயில் ஊற்றி ஓட்டிய வண்டியில் கேம் ஷாஃப்ட் தேய்ந்திருக்கும்.

சொகுசு வண்டிகளில் இரண்டை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். பிஎம்டபிள்யூ 320டி, 520டி வண்டிகளில் இருந்த என்47 டீசல் எஞ்சினின் டைமிங் செயின் எஞ்சினின் பின்புறம், கியர்பெட்டிப் பக்கம் இருக்கிறது. அது தேய்ந்து சத்தமிடத் தொடங்கினால் எஞ்சினையோ கியர்பெட்டியையோ இறக்காமல் மாற்ற முடியாது. பழைய ஆடி ஏ4 சிலவற்றில் வந்த மல்டிட்ரானிக் என்னும் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியும் அப்படித்தான். திருத்தத் தெரிந்தவர்கள் பெருநகரங்களிலேயே குறைவு.

வண்டி எங்கே வாழ்ந்தது

ஆர்சி புத்தகத்தில் உள்ள முகவரி பாதிக் கதையைச் சொல்லிவிடும். திருச்செந்தூர், உவரி, மணப்பாடு, தூத்துக்குடித் துறைமுகப் பகுதி வண்டிகளில் உப்புக் காற்று அடிப்பகுதியைத் தின்றிருக்கும். ஐரோப்பிய வண்டிகளின் உடல்தகடு துருவை நன்றாகத் தாங்குகிறது என்பதால் மேலே பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. ஏசி கண்டன்சர், பிரேக் குழாய்கள், சைலன்சர் கொக்கிகள், சப்ஃபிரேம் போல்ட்டுகள் ஆகியவற்றை ஜாக்கியில் தூக்கிப் பாருங்கள். சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் ஓடிய வண்டியின் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டருக்கு அப்பால் எஞ்சின் பக்கத்துக் குழாயில் விரலை விட்டுத் தடவுங்கள். விரலில் செம்மண் ஒட்டினால், ஃபில்டர் சரியாகப் பொருந்தாமலே டர்போ பல காலம் மண்ணைக் குடித்திருக்கிறது என்று பொருள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியைப் பற்றித்தான் அதிகம் அஞ்ச வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டதில் நெல்லைச் சந்திப்புப் பகுதி, ஸ்ரீவைகுண்டம், ஏரல் எங்கும் வண்டிகள் மூழ்கின. 2015 சென்னை வெள்ளம், 2018 கேரள வெள்ளம் ஆகியவற்றில் மூழ்கிய வண்டிகளும் கைமாறிக் கைமாறி எங்கும் போயிருக்கலாம். ஜெர்மன் வண்டிகள் பலவற்றில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் வயர் இணைப்புகளும் இருக்கைக்கு அடியிலும் தரைவிரிப்புக்குக் கீழும் இருக்கின்றன. ஆகவே முழங்கால் அளவுத் தண்ணீரே அவற்றைக் கெடுக்கப் போதும். கோளாறு உடனே தெரியாமல் பச்சைத் துரு ஏறி ஓராண்டு கழித்து வெளிப்படும். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துக் கடைசி முழத்தில் வண்டல் கறை இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கையின் அடியில் உள்ள ஸ்க்ரூக்களில் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி வைக்கும் குழியில் சேறு படிந்திருக்கிறதா, தரைவிரிப்பின் அடியிலுள்ள பஞ்சு ஈரவாடை அடிக்கிறதா என்றும் பாருங்கள். பழைய வண்டியில் தரைவிரிப்பு மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

டெல்லிப் பதிவு எண் கொண்ட சொகுசு வண்டிகள் மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தத் தலைநகரப் பகுதியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் வந்த தடை அவற்றை வெளி மாநிலங்களுக்குத் தள்ளியது. இவற்றையும், புளியரை வழியாக வரும் கேரள வண்டிகளையும் வாங்கலாம். ஆனால் படிவம் 28இல் தடையின்மைச் சான்று கையில் இருக்க வேண்டும், தமிழ்நாட்டில் செலுத்த வேண்டிய வாழ்நாள் வரியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்பே விசாரித்து விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் பல வண்டிகளின் மலிவு காணாமல் போய்விடும்.

காகிதமும் கணினியும்

தரகர்களிடம் எப்போதும் ஒரு வாசகம் இருக்கும்: “டாக்டர் வண்டி அண்ணாச்சி, கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்.” டாக்டராகவே இருக்கட்டும், சர்வீஸ் ரசீதுகள் எங்கே என்று கேளுங்கள். ரசீதுகளில் ஆண்டுதோறும் கிலோமீட்டர் ஏறி வருகிறதா, டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும் மாற்றிய பதிவு இருக்கிறதா, கியர்பெட்டிக்கு ஆயில் மாற்றியிருக்கிறார்களா என்பவையே முதலில் பார்க்க வேண்டியவை. ஆர்சி, கடன் நிலுவை, காப்பீடு, அபராதச் சலான்கள் ஆகியவற்றைப் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் சரிபாருங்கள். முந்தைய காப்பீட்டில் பெரிய இழப்பீடு வாங்கிய வண்டியா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் உரிமையாளர் மூலமாகவே கேட்டு வாங்குங்கள். அவர் தயங்கினால் அதுவே பதில்.

பிறகு ஸ்கேனர். பலர் பிழைக்குறியீடுகள் ஏதும் இல்லை என்றவுடன் மகிழ்ந்துவிடுகிறார்கள். வண்டியை விற்பவர் முந்தைய நாள் அவற்றை அழித்திருக்கலாம். அழித்தால், வண்டி தன்னைத்தானே சோதிக்கும் தயார்நிலைச் சோதனைகளும் முடியாத நிலைக்குத் திரும்பிவிடும்; அவை முடிய வண்டி பலவிதமாக ஓட வேண்டும். ஆகவே பிழையும் இல்லை, சோதனைகளும் முடியவில்லை என்று ஸ்கேனர் காட்டினால், அண்மையில் யாரோ துடைத்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். அந்தந்த நிறுவனத்துக்கு உரிய ஸ்கேனர் இருந்தால், பல மாடல்களில் எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி போன்றவற்றில் பதிவாகியிருக்கும் கிலோமீட்டரையும் படித்து மீட்டரோடு ஒப்பிடலாம். மீட்டரைத் திருப்புபவர்கள் எல்லாப் பெட்டிகளையும் திருப்புவது அரிது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களும் உதவும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்னும் வண்டியில் நான்கு டயரும் மாற்றப்பட்டிருந்தால் கணக்கு இடிக்கும்.

திரும்ப அழைப்புப் பணிகள் முடிந்தனவா என்பதையும் சேசிஸ் எண்ணைக் கொடுத்து நிறுவனத்திடம் கேட்க வேண்டும். புகைச் சோதனை மோசடி 2015இல் வெளிப்பட்ட பின், ஃபோக்ஸ்வேகன் குழுமம் ஈஏ189 டீசல் எஞ்சின் வண்டிகளை இந்தியாவிலும் மென்பொருள் திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்தது. டகாட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகள் வெடித்துச் சிதறிய விவகாரம் ஜெர்மன் வண்டிகள் உள்படப் பல நிறுவனங்களைத் தொட்டது. அது உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் காகிதத்தில் பதில் வாங்குங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வருவதற்குள் வண்டியை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள், ஏனெனில் செயின் சத்தமும் இன்ஜெக்டர் கோளாறும் முதல் அரை நிமிடத்தில்தான் பேசும். சாவியைத் திருப்பியதும் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் எரிந்து அணைய வேண்டும். எரியாத விளக்கு, எரிந்துகொண்டே இருக்கும் விளக்கைவிடச் சந்தேகத்துக்குரியது.

பாளையங்கோட்டையிலிருந்து வண்ணார்பேட்டை வழியாகச் சந்திப்பு ஈரடுக்கு மேம்பாலம் ஏறி இறங்கி, டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளில் ஊர்ந்து வாருங்கள். ஏசியை முழு அளவில் வைத்து இந்தச் சுற்றை முடிக்கும்போது வெப்பமானி நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். டிஎஸ்ஜி வண்டியாக இருந்தால், முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது நடுக்கம், மேம்பாலச் சரிவில் நின்று கிளம்பும்போது தயக்கம், மீட்டரில் கியர் எழுத்துகள் சிமிட்டல் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் மேலே பேச்சு வேண்டாம். அடுத்து நான்கு வழிச்சாலையில் கயத்தாறு பக்கமாக ஓட்டி, ஸ்டீயரிங்கைத் தளர்வாகப் பிடித்து வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள். ஆனி, ஆடி மாதங்களில் வள்ளியூருக்குத் தெற்கேயும் முப்பந்தல் பக்கமும் அடிக்கும் குறுக்குக் காற்று நல்ல வண்டியையும் தள்ளும் என்பதால் இந்தச் சோதனையைக் காற்று ஓய்ந்த நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விலையும் பெயர் மாற்றமும்

வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைக்க முடியாவிட்டால், அதைவிட மலிவான மாடலுக்கு இறங்குங்கள் என்பதே என் அறிவுரை. அந்தத் தொகை முதல் ஆண்டுக்குள் எப்படியும் செலவாகும். பணம் கைமாறும்போது படிவம் 29, படிவம் 30, கடன் இருந்திருந்தால் படிவம் 35உடன் வங்கியின் சான்று ஆகியவற்றில் கையெழுத்து வாங்குங்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இழப்பீடு கோராமைக்கான தள்ளுபடி விற்றவருக்கு உரியது, வண்டியோடு வராது.

முதல் மாத வேலை

ரசீது இல்லாத எதையும் செய்யப்படாத வேலையாகக் கருதுங்கள். எஞ்சின் ஆயில், எல்லா ஃபில்டர்கள், பிரேக் திரவம், கூலன்ட் ஆகியவற்றை மாற்றுங்கள். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினுக்குப் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒன்றாக மாற்றுவதே சிக்கனம், ஏனெனில் மூன்றுக்கும் கழற்றும் கூலி ஒன்றுதான். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் போய்விடும். ஆயிலில் டப்பாவின் முன்பக்கம் எழுதியிருக்கும் 5டபிள்யூ-30 என்னும் அடர்த்திக் குறியீடு மட்டும் போதாது. பின்பக்கம் சிறிய எழுத்தில் உங்கள் கையேடு கேட்கும் தரச்சான்று எண், ஃபோக்ஸ்வேகனுக்கு 502 அல்லது 507, பிஎம்டபிள்யூக்கு எல்எல்-04 போன்றது, இருக்க வேண்டும்.

பாகங்களை நிறுவனத்தின் முத்திரையோடுதான் வாங்க வேண்டும் என்பதில்லை. அந்த நிறுவனங்களுக்கே செய்து கொடுக்கும் பாஷ், மான், மாலே, லூக், சாக்ஸ், வலியோ போன்றோரின் சொந்தப் பெட்டியில் வருவது பெரும்பாலும் அதே தரம், விலை குறைவு. பழைய கண்ணாடி, கதவு, விளக்கு போன்றவற்றுக்குச் சென்னைப் புதுப்பேட்டையில் தேடலாம். பிரேக், ஸ்டீயரிங், காற்றுப்பை ஆகியவற்றை மட்டும் பழையதாக வாங்காதீர்கள்.

வெப்பத்தோடு வாழ்தல்

பங்குனி முதல் கத்திரி முடியும்வரை நம் வெயில் இந்த வண்டிகளில் முதலில் தேடிப் போவது குளிரூட்டும் அமைப்பில் உள்ள பிளாஸ்டிக்கைத்தான். தெர்மோஸ்டாட் கூடு, குழாய் இணைப்புகள், கூலன்ட் தொட்டி எல்லாம் பிளாஸ்டிக். பத்து வருடச் சூட்டில் மொறுமொறுத்து மயிரிழையாய் வெடிக்கும். கூலன்ட் அளவு மாதம் ஒரு விரல் குறைந்தாலும் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடாமல், பட்டறையில் அழுத்தம் கொடுத்து எங்கே கசிகிறது என்று கண்டுபிடியுங்கள். வழியில் நிரப்ப வேண்டி வந்தால் போர்த் தண்ணீர் ஊற்றாதீர்கள்; நம் பக்கத்துப் போர்களில் பலவற்றில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம், ரேடியேட்டருக்குள் பாறையாகப் படியும். கனிமம் நீக்கிய தண்ணீரும் உங்கள் கையேடு கேட்கும் வகைக் கூலன்ட்டும் (ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவுக்கு ஜி12 வகை) கலந்த பாட்டில் ஒன்றை டிக்கியில் வைத்திருங்கள். கடையில் கிடைக்கும் வேறு வகைச் சாதாரணக் கூலன்ட்டை அதோடு கலக்கக் கூடாது.

ரேடியேட்டருக்கு முன்னால் ஏசி கண்டன்சர் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே பூச்சி, பஞ்சு, புழுதி அடைந்துகொள்ளும். கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை முன்பக்கத்தைக் கழற்றித் தண்ணீரால் மென்மையாகக் கழுவச் சொல்லுங்கள். ஏசி குளிர்ச்சி குறைகிறது என்று கேஸ் மட்டும் ஏற்றுவது வீண். பாதி நேரம் இந்த அடைப்புத்தான் காரணம்.

டர்போ வண்டியை நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டி வந்து நிறுத்தியதும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். பிஎஸ்6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டியைப் பாளைக்கும் சந்திப்புக்கும் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தால் புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறையாவது நான்கு வழிச்சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்ட வேண்டும். அப்படி ஓட்ட வேலை இல்லாதவர் டீசலே வாங்க வேண்டாம். பெட்ரோல் வண்டிக்காரர்கள் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த எரிபொருளைக் கருத்தில் கொள்ள வேண்டும்: 2023க்கு முந்தைய வண்டிகளில் பல அதற்காக வடிவமைக்கப்படவில்லை என்பதால், எரிபொருள் குழாய்களில் விரிசலும் பெட்ரோல் வாடையும் இருக்கிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

நிறுத்தி வைக்கும் வண்டி

சென்னையிலோ வளைகுடா நாட்டிலோ இருந்துகொண்டு, சொந்த ஊரில் காரை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்கள் இங்கே நிறைய. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி போன்ற வயலோரத்து வீடுகளில் அறுவடைக்குப் பின் எலி வண்டிக்குள் குடியேறும். ஐரோப்பிய வண்டியின் வயர் தொகுதியை எலி கடித்தால் தேடிக் கண்டுபிடித்து ஒட்டுவதற்கே பல நாள் ஆகும். முழுத் தொகுதியும் மாற்றச் சொன்னால் வண்டியின் விலையை நெருங்கும். ஆகவே பானெட்டைத் திறந்து வைத்து வெளிச்சம் படவிடுவதும், வாரம் ஒருமுறை யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்வதும் எந்த மருந்தைவிடவும் பயன் தரும். அப்படி வருபவர் வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் போனால் பேட்டரிக்கு நன்மை இல்லை. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி வர வேண்டும், அல்லது பேட்டரி மெயின்டெய்னர் ஒன்றைச் செருகி வைக்க வேண்டும். தானே நின்று தானே கிளம்பும் வசதி உள்ள வண்டிக்கு ஏஜிஎம் அல்லது இஎஃப்பி வகைப் பேட்டரிதான் போட வேண்டும். பிஎம்டபிள்யூ போன்றவற்றில் புதுப் பேட்டரி போட்டதை ஸ்கேனர் வழியாக வண்டிக்குப் பதிவு செய்து காட்டவும் வேண்டும். பேட்டரிக் கடைக்காரர் அதைச் செய்வதில்லை, பட்டறைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.